கார் இல்லாதவனின் கார் நிறுத்துமிடம்

எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. சைக்கிளையே ஐம்பது வயதில் விட்டவன். இப்படிப்பட்ட ஆசாமி அறுபத்தெட்டு வயதில், கார் நிறுத்த இடமுள்ள வாடகை வீடாகப் பார்த்துக் காஞ்சிபுரம் முழுக்க அலைந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். டெலிபோன் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தபோதே அதற்குப் பேர் போனவன் இந்த தேசிகன்.

அலைச்சலுக்குக் காரணம் என் பிள்ளை ஸுதர்சன். அமெரிக்காவில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மனைவி ஸிந்துஜாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வருவான். சென்னையில் மாமனார் வீட்டில் இறங்குவான். அங்கிருந்து என்னைப் பார்க்க ஒரு நாள் வந்துவிட்டுப் போவான். 2001-ல் அவன் வந்தது வைகாசி உற்சவ சமயம். சின்னக் காஞ்சிபுரத்தில் உற்சவம் என்றால் எங்கள் தெரு பெருமாளுக்குச் சொந்தம். கார், ஆட்டோ எதுவும் உள்ளே நுழைய முடியாது. வாடகைக் காரை அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸிந்துஜா கொளுத்துகிற வெயிலில் நடந்து வந்தாள். முகம் பழமாய்ச் சிவந்திருந்தது. பத்து மணிக்கு வந்தார்கள், மூன்று மணிக்குக் கிளம்பினார்கள்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஸுதர்சன் சொன்னான்: "இங்க காரை நிறுத்தவே எடமில்லையேப்பா. பார்க்கிங் இருக்கற ஃப்ளாட்டா இருந்தா நாலு நாள் ஜாலியா தங்கிட்டுப் போலாம்."

செருப்பு கிடைத்தது, போட்டுக்கொண்டான், போய்விட்டான். அந்த வார்த்தை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. என் மனைவி போய் ஐந்து வருஷமாகியிருந்த வீடு அது. ஒரு தம்ளர், ஒரு தட்டு, பெருமாளுக்கு ஒரு விளக்கு. அந்த வீட்டில் உட்கார்ந்து நான் அந்த வார்த்தையை இரண்டு வருஷம் அசைபோட்டேன். நாலு நாள். அவன் வாயாலேயே சொன்ன கணக்கு. வெறும் கார் நிறுத்துமிடம்தான் தடை என்றால், அதைக்கூடச் செய்ய மாட்டேனா நான்?

2003 டிசம்பரில் வருவதாகத் தொலைபேசியில் சொன்னான். நான் ஆனி மாசமே வீட்டுத் தரகர் மயில்வாகனத்தைப் பிடித்தேன்.

"இன்னா வண்டி சாமி?" என்று கேட்டார் மயில்வாகனம்.

"வண்டி இல்லை."

"அப்ப பார்க்கிங் எதுக்கு?"

"டிசம்பர்ல வண்டி வரும்."

"வாங்கப் போறீங்களா?"

"என் பிள்ளை வரான். அவன் கொண்டு வருவான்."

மயில்வாகனம் சைக்கிளிலிருந்து காலை ஊன்றி இறங்கி என்னைப் பார்த்தார். "ஒரு நாளு வர்ற வண்டிக்கு வருஷம் பூரா வாடகையா சாமி? கல்யாணமே ஆவல, அதுக்குள்ள கொழந்தைக்குப் பேரு வெச்சிக்கினு இருக்கீங்களே!"

"நாலு நாள்," என்று திருத்தினேன். "உமக்குக் கமிஷன் வேணுமா, வேண்டாமா?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன்னால் நடந்தார். வீடுகளைக் காட்டினார். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமண நயினார் வீட்டு மாடி. வீடு பளிங்குபோல் இருந்தது, ஆனால் வாசலில் இருந்த இடத்தில் இரண்டு பசுமாடுகள் கட்டியிருந்தன. "கார் வந்தா மாட்டை எடுத்துடலாமே" என்றார் வீட்டுக்காரர். மாடு இருந்த இடத்தில் ஸிந்துஜா காலை வைப்பாளா? ஏனாத்தூரில் ஒரு புது வீடு. வாசலில் லாரியே நிற்கலாம். ஆனால் மேலேயும் கீழேயும் காலேஜ் பையன்கள், ராத்திரி முழுக்கப் பாட்டு. குழந்தை எப்படித் தூங்கும்? பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் எல்லாம் பொருந்தி வந்தது. கடைசியில் வீட்டுக்கார அம்மாள், "தனி ஆளா? உடம்புக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பாக்கறது?" என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் கேட்டதில் தப்பில்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டால் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

கடைசியில் அமைந்தது வேலாயுதத்தின் கட்டடம். வேலாயுதம் பட்டு ஜவுளியில் நன்றாகச் சம்பாதித்தவர். நெசவாளர் தெரு ஒன்றின் நடுவில் மூன்று மாடி கட்டி ஆறு குடித்தனம் வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் போட்ட பிளான். தரைத்தளத்தில் அறைகளே இல்லை. தூண்கள் மட்டும் நிற்கும், கேட்டிலிருந்து பின்சுவர் வரை நீளமாக ஒரு கூடம். தரையில் வெள்ளைக் கோடு போட்டு, ஒன்று முதல் ஆறு வரை நம்பர் எழுதியிருந்தது. அங்கே ஆறு சைக்கிளும் ஒரு மொபெட்டும் நின்றன. கார் வைத்திருந்தவர் ஒருத்தர்கூட இல்லை.

எனக்கு மூன்றாம் நம்பர். நட்டநடு இடம், எந்தப் பக்கமிருந்தும் உரசாது. வாடகை ஒப்பந்தத்தில் "மூன்றாம் எண் கார் நிறுத்துமிடம் உட்பட" என்று எழுதச் சொன்னேன். வேலாயுதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனேன். பாலைக் குடிக்கத்தான் ஆள் இல்லை. பெருமாளுக்குக் காட்டிவிட்டு முழுவதையும் நானே குடித்தேன். வயிறு மந்தமாகிப் போயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் பால் வாங்க இறங்கினால், என் மூன்றாம் நம்பரின் குறுக்கே, தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூல் பாவு ஓடிக்கொண்டிருக்கிறது! கேட் பக்கத்தில் ஒரு முனையும் பின்சுவர் பக்கத்தில் ஒரு முனையுமாகக் கட்டி, மாம்பழ நிறத்தில் அறுபதடி நீளம். பக்கத்து வீட்டு நெசவாளர் உதயகுமாரும் அவர் மனைவி கலாவதியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, இழையை நீவி, அறுந்ததை முடிபோட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் காலத்தில் இதைத் தெருவிலேயே விடிகாலையில் செய்துவிடுவார்கள். மழை வந்தால் வேலாயுதத்தின் கூடம். நனையாது, காற்றடிக்காது, நீளமும் சரியாக இருக்கும். கட்டடம் எழும்பின நாளாக அப்படித்தானாம்.

"இது என் இடம்," என்றேன்.

"தெரியும் சாமி," என்றாள் கலாவதி. கை நிற்கவில்லை. "எட்டு மணிக்குள்ள சுருட்டிடுவோம். உங்க வண்டி வந்தா சொல்லுங்க, அன்னிக்கு நாங்க வரல."

"வண்டி வந்தாலும் வராட்டாலும் இது என் இடம். அக்ரிமென்ட்ல எழுதியிருக்கு."

"காலியாத்தானே சாமி இருக்குது?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று குத்தியது. காலியாக இருக்கிறதாம்! நான் என்ன, அது காலியாக இருக்கவேண்டும் என்றா இரண்டு மாசம் அலைந்தேன்? அன்று மத்தியானமே கடைக்குப் போய் இரும்புச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்து, மூன்றாம் நம்பரைச் சுற்றியிருந்த நாலு தூண்களிலும் இடுப்பளவுக்குக் கட்டிப் பூட்டினேன். சாவி என் பூணூலில் தொங்கியது.

மறுநாள் தூறலில் உதயகுமாரும் கலாவதியும் பாவைச் சுருட்டிப் பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்கேயோ போவதை மாடியிலிருந்து பார்த்தேன். தை முகூர்த்தத்துக்குக் கொடுக்கவேண்டிய புடவைகள் என்று பின்னால் தெரிந்தது. மூன்று தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தின் தாழ்வாரத்தில் இடம் கேட்டு வாங்கினார்களாம். எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் சங்கிலியை அவிழ்க்கவில்லை. ஒரு நாள் விட்டால் இடம் கையைவிட்டுப் போய்விடும் என்று பயம். இடம் போனால் நாலு நாள் போய்விடும்.

அதிலிருந்து கட்டடத்தில் என்னோடு யாரும் பேசுவதில்லை. நான் படியில் இறங்கினால் பேச்சு நிற்கும், நான் தெருமுனை தாண்டினால் மறுபடி தொடங்கும். வேலாயுதம் மட்டும் ஒருதரம், "ஊரோட ஒத்து வாழணும் சாமி" என்றார். "உம்ம ஊர் என் பிள்ளைக்கு இடம் கொடுக்குமா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். சில நாள் ராமஜெயம் சொல்லும்போதுதான் என் குரலை நானே கேட்பேன்.

ஆனால் வேலை நிறைய இருந்தது. ஸுதர்சன் குடும்பத்துக்குப் பழக்கமான மாதிரி கக்கூஸ் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வீடு எடுத்திருந்தேன். சுடுதண்ணீருக்கு ஹீட்டர் போட்டேன். பெரிய கட்டில் ஒன்று, குழந்தை ஸ்ரீவல்லிக்குச் சின்னக் கட்டில் ஒன்று. அவள் விழுந்துவிடாமலிருக்க ஒரு பக்கம் தடுப்புப் பலகை அடிக்கச் சொன்னேன். தண்ணீர்ப் பாட்டில் இரண்டு பெட்டி. டப்பாவில் அடைத்த ஏதோ சோளப்பொரி, பாலில் போட்டுத் தின்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸுதர்சன் பேசுவான்.

"பார்க்கிங் ரெடிடா," என்பேன்.

"வெரி குட்பா," என்பான்.

எத்தனை நாள் தங்குவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதானே, தொண்டைவரை வரும். கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்ற பயத்தில் விழுங்கிவிடுவேன்.

டிசம்பர் இருபத்தேழு, சனிக்கிழமை. மார்கழி பிறந்தும் மழை முழுக்க விடவில்லை. காலை ஏழு மணிக்கே சங்கிலியை அவிழ்த்து, இடத்தைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன். பதினொன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். மாமனாரின் புதுக் கார், வெள்ளி நிறம். ஸுதர்சனே ஓட்டிவந்தான். நான் "வா வா, இன்னும் வா, போறும்" என்று கையை ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன். மூன்றாம் நம்பரின் வெள்ளைக் கோட்டுக்குள் கணக்காக வந்து நின்றது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

"சூப்பர் பார்க்கிங்பா!" என்றான் இறங்கியபடி.

கலாவதி தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாள். கேலி இல்லை, நல்ல சிரிப்பு. எனக்குத்தான் அவளைப் பார்த்துத் திருப்பிச் சிரிக்க முகம் இல்லை.

கோயில் இட்லி, புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் தயார். ஸ்ரீவல்லி சின்னக் கட்டிலில் ஏறி ஐந்து நிமிஷம் குதித்தாள். "இது யாருக்கு தாத்தா?" என்று கேட்டாள். "உனக்குத்தான்" என்றேன். ஸிந்துஜா அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

மூன்று மணிக்குத் தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

"அப்பா," என்று ஆரம்பித்தான் ஸுதர்சன். "மாமனார் ஆத்துல எல்லாருமா திருமலைக்குப் போறோம். ரூம் புக் பண்ணியாச்சு. எல்லாரும் ஒரே வேன்ல போனா குழந்தைக்கும் ஜாலியா இருக்கும்னு... காரை இங்கயே விட்டுட்டுப் போறோம். மூணு நாள். மெட்ராஸ்ல அவா ஆத்துக் கீழ ஏதோ பைப் வேலை நடக்கறது, நிறுத்த எடமில்லை. இங்கன்னா சேஃபா இருக்கும், இல்லியா?"

"இருக்கும்," என்றேன்.

"நீங்களும் வரலாமேப்பா," என்றாள் ஸிந்துஜா. நல்ல பெண். மனசாரத்தான் கூப்பிட்டாள். வேன் ஜன்னல்களில் பத்துத் தலைகள் தெரிந்தன.

"எனக்கு முழங்கால் வலி. நீங்க சேவிச்சுட்டு வாங்கோ."

"திரும்பி வரச்சே பாக்கலாம்பா," என்று சொல்லி, கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனான். வேன் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு, காரை அழைத்துக்கொண்டு உள்ளே போக முடியாதே, தனியாகப் படியேறினேன்.

வேன் வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கீழே கார் நிற்கிறது. கார் நின்றால் பிள்ளை மேலே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? மறுநாள் காலையில் மாடிப்படியில் எதிர் வீட்டுக்காரர் இரண்டு மாசம் கழித்து வாயைத் திறந்தார். "புள்ளை வந்துட்டாராமே சாமி, சந்தோஷம்." நான் "ஆமாம்" என்றேன். அந்த "ஆமாம்" பொய்யில்லை. வந்தான்தானே. பால் பூத்தில் என்னை அறியாமல் மூன்று பாக்கெட் கேட்டேன்.

அன்று மழை வலுத்துப் பெய்தது. பத்து மணிக்குக் கலாவதி கதவைத் தட்டினாள். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"மருமகப் பொண்ணுக்குக் கொஞ்சம் பூ சாமி. கொழந்தைக்குக் கதம்பம் தனியா வெச்சிருக்குறேன்." எட்டிப் பார்க்கவில்லை, வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். "கீழ நாங்க வரல சாமி. மண்டபத்துலயே போட்டுக்குறோம். வண்டி நிக்கட்டும், ஒண்ணும் வருத்தமில்ல. புள்ளைங்க வந்து தங்கறதுன்னா சும்மாவா?"

சங்கிலி போட்டவன் வீட்டுக்குப் பூ கொண்டு வந்திருக்கிறாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். கதவைப் பாதி சாத்தினபடி நின்று, "எல்லாரும் தூங்கறா" என்றேன்.

"தூங்கட்டும், தூங்கட்டும். ரொம்ப தூரத்துலேர்ந்து வந்துக்கினு..." என்று குரலைத் தணித்து, ஓசைப்படாமல் படியிறங்கினாள்.

பூவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெருமாளுக்குப் பாதி, மனைவியின் படத்துக்குப் பாதி. பிறகு டெலிவிஷனைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன். யாருக்காக என்று என்னைக் கேட்காதீர்கள். அது ஓட ஓட, நான் அடுத்த அறையில் உட்கார்ந்து காய் நறுக்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனுஷர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், விசாரிக்கிறார்கள். இரண்டு மாசத்துப் பட்டினிக்குப் பிறகு அது எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா? ஒரு நாளைக்கு நாலுதரம் கீழே போய்க் காரைத் துடைத்தேன்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அவர்கள் வருகிற நாள் என்று சேமியா பாயசத்துக்குப் பாலைச் சுண்ட வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அப்பா, தரிசனம் ரொம்ப நன்னா ஆச்சு. ஆனா ஸ்ரீவல்லிக்கு லேசா ஜுரம். நேரா மெட்ராஸே போயிடறோம். வெள்ளிக்கிழமை ஃப்ளைட், ஷாப்பிங் வேற பாக்கி. மாமனார் டிரைவரை அனுப்பறார், சாவியைக் குடுத்துடு. சாரிப்பா. அடுத்த தடவை கண்டிப்பா தங்கறோம். பார்க்கிங்தான் இருக்கே!"

"குழந்தையைப் பாத்துக்கோ," என்றேன். குழந்தைக்கு ஜுரம் என்றால், பாவம், அது என்ன செய்யும்.

பாயசத்தை இறக்கி வைத்தேன். இரண்டு மணிக்கு டிரைவர் வந்தான், முப்பது வயசு இருக்கும், பேர் கந்தன் என்றான். பஸ்ஸில் வந்திருக்கிறான். நான் சாவியை எடுத்துக்கொண்டு அவனோடு இறங்கினேன். அவன் காரைச் சுற்றி வந்து, "இன்னா சார், நேத்து ஷோரூம்லேர்ந்து எடுத்த மாதிரி இருக்குது!" என்றான். சாவிக்காகக் கையை நீட்டினான்.

கொடுக்கத்தான் போனேன். கை மடங்கிக்கொண்டது. இந்தக் கார் கேட்டைத் தாண்டினால், நாளைக் காலையில் படியில் என்னைப் பார்த்து யார் நிற்பார்கள்? "புள்ளை கெளம்பிட்டாரா?" என்று கேட்பார்கள். நாலு நாள்கூட இல்லையே என்று மனசுக்குள் எண்ணுவார்கள்.

"நாளைக்கு வந்து எடுத்துக்கோயேன்," என்றேன்.

"சார்?"

"மழை வர மாதிரி இருக்கு. வண்டி ஒரு நாள் இருக்கட்டுமே. இங்க ஒரு தொந்தரவும் இல்லை."

"மழைல்லாம் ஒண்ணும் இல்ல சார். சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும்னு ஐயா சொல்லியிருக்காரு. அம்மாவுங்க கடைக்குப் போவணும்."

"ஒரு நாள்தானேப்பா. அவாகிட்ட நான் பேசறேன். வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிக்கலாம்." இப்படியும் ஒரு பொய் என் வாயிலிருந்து வருமென்று நான் நினைத்ததில்லை. "நீயும் வேணும்னா மேல தங்கிக்கோ. கட்டில் இருக்கு. பாயசம் பண்ணியிருக்கேன்."

கந்தன் கேட் பக்கம் பார்த்தான். நானும் பார்த்தேன். கலாவதி அங்கே நின்றிருந்தாள். மண்டபத்திலிருந்து திரும்புகிறாள் போல, சுருட்டிய பாவு ஒரு தோளில். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முழுக்கக் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, பாவைத் தோள் மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"சார், சாவி," என்றான் கந்தன் மெதுவாக.

சாவி என் கையில்தான் இருந்தது. கெட்டியாகப் பிடித்திருந்தேன். மனசு ஆற மாட்டேன் என்றது. "இதுக்கு நான் என்ன சோறா போடணும்?" என்று கேட்டேன். "அது பாட்டுக்கு நிக்கப்போறது. ஒரே ஒரு நாள், நிக்கட்டுமேப்பா."